இருபத்துநான்கு வோல்ட்

இல்லை, பரவாயில்லை, மடியிலேயே இருக்கட்டும். மேலே வைத்தால் பஸ் ஒடித்துத் திரும்பும்போது விழுந்துவிடும். கனமெல்லாம் கிடையாது. நீங்கள் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அதைவிடவா. நல்ல தூக்கம் பாப்பாவுக்கு. பொள்ளாச்சி வரைக்கும்தானே? நான் அங்கே மாறி ஆழியாறு ரோட்டில் போக வேண்டும்.

கேக் இல்லை. எல்லோரும் கேக் என்றுதான் நினைக்கிறார்கள். டப்பா பேக்கரி டப்பாதான், உள்ளே இருப்பது ரோபோ. சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், கண்டக்டர்கூடச் சிரித்தார், அதற்கு ஒரு டிக்கெட் போடட்டுமா என்றார்.

இதோ, மூடியைத் திறக்கிறேன், பொம்மை மாதிரிதான். இரண்டு சக்கரம், பின்னால் உருளுகிற ஒரு குண்டு, மேலே சர்க்யூட் போர்டு, அதற்கும் மேலே சென்சார்கள். சிங்கப்பூரில் இருந்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி இதைத்தான் செய்துகொண்டிருப்போம். தரையில் ஒட்டிய கறுப்பு நாடாவைப் பிடித்துக்கொண்டு அது வளைந்து வளைந்து போகும், நாங்கள் டீயை ஆறவைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்போம். வேலை வேறு. இன்சூரன்ஸ். ஒரு விபத்து நடந்தால் யார் மேல் தப்பு என்று காகிதங்களை வைத்து முடிவு சொல்கிற வேலை. நேரில் போய்ப் பார்க்க வேண்டியதே இல்லை. இத்தனை வருஷத்தில் என் முடிவு தவறு என்று ஒருவரும் சொன்னதில்லை.

இப்போது தம்பியைக் கூட்டிவரப் போகிறேன். கூட்டிவர என்றால், கேட்டுப் பார்க்க. வருவானா தெரியாது. வந்தாலும் நிலைக்குமா என்றால், நிலைக்காது என்றுதான் மனசு சொல்கிறது. இந்த ஆடியோடு எல்லாம் முடிந்துவிடும் போலிருக்கிறது. ஆனால் இந்த மெஷினில் மட்டும் குறை இல்லை. அதை நான் யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

கனகராஜ் என்று பெயர். வீட்டில் கனகு. என்னைவிட ஐந்து வயது சின்னவன், நாற்பத்துமூன்று ஆகிறது. பேச்சு வராது. வராது என்றால், ஒரு கைப்பிடி வார்த்தைகள். அம்மா, சோறு, வா, வேண்டாம், கத்துது. அவ்வளவுதான் அவன் தமிழ். பிறந்ததிலிருந்தே அப்படி. முரட்டுத்தனம் கிடையாது. ஒரு கூடைச் சின்ன வெங்காயத்தை முன்னால் வைத்துவிட்டால் பொழுது சாயும்வரை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், கத்தி வேண்டாம், நகம் போதும். அவனும் அம்மாவும் சிங்காநல்லூர் வீட்டில் இருந்தார்கள். பங்குனியில் அம்மா போய்விட்டாள்.

கருமாதி முடிந்த கையோடு அக்கா பேச்சை எடுத்தாள். சுலோச்சனா அக்கா, திருப்பூரில் இருக்கிறாள், எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தவள். ஆழியாறு பக்கம் இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு இல்லம் இருக்கிறது, தென்னந்தோப்புக்கு நடுவே, நல்ல மனிதர்கள், அங்கே சேர்த்துவிடலாம் என்றாள். வந்திருந்த பங்காளிகளும் தலையை ஆட்டினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. நான் இருக்கிறேன், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எனக்கும் சிங்கப்பூருக்குத் திரும்பிப்போக எதுவும் மிச்சமில்லை. கல்யாணம் அங்கேயே நடந்து அங்கேயே முடிந்திருந்தது. அவள் கடைசியாகச் சொன்ன குறை என்ன தெரியுமா? அவள் பேசி முடிப்பதற்குள் நான் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேனாம். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது. சொல்லவில்லை, விட்டுவிட்டேன்.

அந்த வீட்டைப் பார்த்திருந்தால் உங்களுக்கே பாவமாக இருந்திருக்கும். எங்கள் ஊரில் கிரைண்டர் செய்து நாடு முழுக்க அனுப்புகிறார்கள், எங்கள் அம்மா ஆட்டுக்கல்லில் கையால் ஆட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். மிக்ஸி கிடையாது. குக்கர் கிடையாது, சோறு வடித்துத்தான். டியூப்லைட்டையெல்லாம் கழற்றிவிட்டுப் பழைய குண்டு பல்பு. காலிங் பெல்லின் ஒயரைக்கூட யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். நான் மாதாமாதம் அனுப்பியது என்ன ஆயிற்று? அப்படியே பாங்கில் கிடந்தது. சிக்கனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் மாற்றினேன். குக்கர், மிக்ஸி, கிரைண்டர், ஒவ்வொரு அறையிலும் டியூப்லைட், புது பெல். அம்மா போன வீட்டுக்கு ஒரு உயிர்ச்சத்தம் வரட்டும் என்று.

கனகுவுக்கு மட்டும் அது மனசில் ஏறவில்லை. அம்மாவைத் தேடினான் போல. சமையல் நேரம் வந்தால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கொல்லைப்புறத்தில் கிணற்றடியில் போய்க் குந்திவிடுவான். கத்துது, கத்துது என்பான். என்ன கத்துகிறது? ஒன்றும் கத்தவில்லை. ஒரு காக்கை உட்கார்ந்திருக்கும், விரட்டிவிடுவேன். காது டாக்டரிடம் காட்டினேன், உள்ளே சுத்தமாக இருக்கிறது, காது நன்றாகவே கேட்கிறது என்றார். அப்படியானால் குளிர்தான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் தெருவில் நேராக வந்து அடிக்கும். ஒரு கம்பளிக் குல்லாய் வாங்கிப் போட்டுவிட்டேன். அதை அவன் கழற்றவே இல்லை, சித்திரை வெயிலில்கூட. அவ்வளவு குளிர் அவனுக்கு.

அந்த வார்த்தை பழசு. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோதும் சொல்லுவான். அம்மா உடனே கையில் இருப்பதைப் போட்டுவிட்டு எழுந்துபோய் வீட்டை ஒரு சுற்று சுற்றுவாள், எதையாவது நோண்டுவாள், திரும்பிவந்து உட்காருவாள். அவனும் அடங்கிவிடுவான். தாய் மனசு அப்படி. காரணமே இல்லாத அழுகைக்கும் எழுந்து ஓடும்.

ஒரு நாள் காலையில் குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, நான் குளித்துக்கொண்டிருந்தேன். வெளியே லாரி பிரேக் போடுகிற சத்தம். ஈரத் துண்டோடு ஓடினேன். நடுரோட்டில் குல்லாயோடு இவன் நிற்கிறான், டிரைவர் இறங்கி வந்து என்னைப் பார்த்துக் கும்பிடுகிறார், ஏனுங்க, ஒரு நிமிசத்துல என்னைக் கொலைகாரனாக்கப் பாத்தீங்களே என்று. அன்றைக்கு முடிவு செய்தேன். எந்நேரமும் ஒருவன் இன்னொருவனைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியாது. அதற்குத்தான் மெஷின்.

யோசனை இதுதான். சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ரோபோ பெட்டியில் சும்மாதானே கிடக்கிறது. அதை வாசற்படி அருகே நிறுத்துவது. கனகு படியைத் தாண்டினால் சென்சார் கண்டுபிடித்து என் போனை அடிக்கும், ரோபோவும் அவன் பின்னாலேயே போகும். நான் மாடியில் இருந்தாலும் தெரிந்துவிடும்.

முதலில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் எல்லோரும் போடுகிற சாதாரண சென்சார்தான் போட்டேன். அது திரைச்சீலை ஆடினால் அடித்தது, பூனை போனால் அடித்தது, கனகு போனபோது சும்மா இருந்தது. தொழிற்சாலைச் சாமான் வேண்டும் என்று உக்கடத்துப் பழைய இரும்புக் கடைகளுக்குப் போனேன். மூடிப்போன மில்களின் உறுப்பெல்லாம் அங்கேதான் வரும். ஒரு சாக்குக்குள் சென்சார்கள், விரல் நீளத்துக்கு, பித்தளையில் மரை வெட்டியது. ஓடுகிற நூல் அறுந்ததா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருந்தவை. ஒரு நூலைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு ஆள் தெரியமாட்டானா? ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன்.

ஒவ்வொன்றிலும் மூன்று ஒயர். பழுப்பு, நீலம், கறுப்பு. எங்கள் பழக்கத்தில் கறுப்பு என்றால் கிரவுண்ட், தரை இணைப்பு, யாரையும் கேட்க வேண்டியதில்லை, கை தானாகவே போகும். கறுப்பை கிரவுண்டில் கொடுத்தேன், பழுப்புக்கு ஐந்து வோல்ட், நீலத்தை போர்டில் சிக்னல் வாங்குகிற காலில். ஒன்றும் இல்லை. விளக்குகூட மினுங்கவில்லை. அடுத்ததை எடுத்தேன், அதுவும் செத்தது. அடுத்தது. எல்லாம் செத்தவை. மில் மூடியபோதே இவையும் செத்திருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் குப்பைக் கூடையில் போட்டேன். கடைசி மூன்று மிச்சம் இருந்தபோதுதான் எதற்கோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன், பித்தளை மேலேயே பொடி எழுத்தில் வெட்டியிருக்கிறது. இருபத்துநான்கு வோல்ட். பழுப்பு பிளஸ், நீலம் கிரவுண்ட், கறுப்புதான் சிக்னல். எல்லாம் எழுதித்தான் இருந்தது. நான் அதற்கு வேண்டியதைக் கொடுக்கவே இல்லை, அது பேசுகிற வாயைக் கொண்டுபோய்த் தரையில் கட்டிப்போட்டுவிட்டு, செத்துப்போனது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். கூடையைத் தேடினேன், குப்பைவண்டி வந்து போய்விட்டிருந்தது.

என் பேட்டரி ஏழு வோல்ட். இருபத்துநான்குக்கு எங்கே போவது? அதற்கென்று ஒரு சின்ன போர்டு விற்கிறார்கள், இதோ ஓரத்தில் தெரிகிறதே, செம்புக் கம்பி சுற்றிய சுருள் ஒன்று, பட்டாணி அளவு. கொஞ்ச வோல்ட்டை வாங்கி உள்ளே வினாடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டி வெட்டி உயர்த்திக் கொடுக்கும். இருந்ததிலேயே மலிவானது. ஒயர்களை மாற்றி அதன் வழியாகக் கொடுத்தேன் பாருங்கள், சென்சாரின் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. செத்தது என்று நினைத்தது கண் திறந்ததுபோல இருந்தது. அம்மா போனபிறகு நான் சந்தோஷமாக இருந்தது அந்த ஒரு நிமிஷம்தான்.

திரும்பி, கனகு, இங்க பாரு என்றேன். அவன் இல்லை.

தெருத் தெருவாகத் தேடி, கடைசியில் பழைய மில்லுக்குள் கண்டுபிடித்தேன். மூடிப் பல வருஷம் ஆன மில். இயந்திரமெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், வெறும் கூடம், கரெண்ட் கிடையாது, ஒரு ஈ பறந்தால் கேட்கும். அந்தக் கூடத்துக்கு நடுவே குல்லாயைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அங்கே வந்து உட்கார என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

அதிலிருந்து தினமும் அதேதான். மெஷின் எவ்வளவு துல்லியம் என்று சொல்கிறேன் கேளுங்கள். நான் சுவிட்சைப் போட்டு மாடிக்குப் போய் உட்காருவதற்குள் போன் அடித்துவிடும். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. போட்ட நாளெல்லாம் பிடித்தது. பேட்டரி சார்ஜ் ஆகிற நாட்களில், மெஷின் அணைந்து கிடக்கும், அந்த நாட்களில் அவன் எங்கும் போனதாகத் தெரியவில்லை. ஆனால் போகவில்லை என்று எப்படிச் சொல்வது? சென்சார் இல்லையே. நான் பார்க்கும்போது வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பான். அதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்?

ஒரு நாள் ரோபோ அவன் பின்னாலேயே போவதை மாடியிலிருந்து பார்த்தேன். அவன் நடந்தான், இது உருண்டது. அவன் திரும்பிப் பார்த்தான். அப்புறம் ஓடினான். என் தம்பி ஓடி நான் பார்த்ததே இல்லை. கேட்டுக்குக் கீழே இரும்புப் பட்டை இருக்கிறது, அதில் ஏற முடியாமல் ரோபோ முட்டி முட்டி நின்றது. அந்தப் பட்டையை நான் அப்போதே எடுத்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டுப் பெண் தாரணி, காலேஜில் படிக்கிறது, அதுகூட ஒரு நாள் வந்து, அங்கிள், உங்க கேட்டுக்கிட்ட வந்தாலே காதுக்குள்ள கொசு புகுந்த மாதிரி இருக்குதுங்க என்றது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. இருந்தாலும் அண்டை வீட்டுக்காரர் சொன்னால் மதிக்க வேண்டுமே, ஜன்னலுக்கெல்லாம் கொசுவலை அடித்தேன். கொசுத்தொல்லை உண்மையிலேயே குறைந்தது.

ஆனி தொடக்கத்தில் ஒரு விபத்து. போன் அடித்தது. நான் மாடியில் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தேன். அவன் படியைத் தாண்டிய வினாடிவரை அதில் பதிவாகும். அதை முதலில் சேமித்துவிட்டுத்தானே எழுந்திருக்க முடியும். கீழே போய்ப் பார்த்தேன், தெருவில் இல்லை. மில்லுக்குப் போனேன். கூடத்துக்கு நடுவே அதே இடத்தில் உட்கார்ந்திருந்தான், காலைச் சுற்றி ரத்தம் குளமாக நின்றது. வழியில் கிடந்த ஏதோ தகரம் பாதத்தைப் பிளந்திருந்தது. அழவில்லை. என்னைப் பார்த்ததும் விரலை வாயில் வைத்து உஷ் என்றான்.

தையல் போட்டுக் கட்டிலில் கிடந்தவனை அக்கா வந்து பார்த்தாள். நெடுநேரம் அவன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னிடம் கேட்டாள்.

"அம்மா இருந்தவரைக்கும் இவன் கேட்டைத் தாண்டுனதே இல்லியேடா."

"அம்மா கணக்கெடுக்கலைக்கா. தாண்டியிருப்பான். யாரு பாத்தா?"

"சரி, இப்ப நீ பாத்தியா?"

"மெஷின் பாத்துச்சு. நேரம்கூட இருக்குது, காட்டட்டா?"

"நான் உன்னையக் கேட்டேன்."

சொல்லிவிட்டு அவன் துணிகளை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள். மறுநாள் காரை வரவழைத்து அவனை ஏற்றினாள். அவனிடம் ஒரு அழுகை இல்லை, அடம் இல்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தெருமுனை தாண்டியதும் குல்லாயைக் கழற்றிவிட்டுத் தூங்கிப்போனானாம். அக்கா போனில் சொன்னாள். வளர்ந்த வீட்டைவிட்டுப் போகிறவன் அப்படியா தூங்குவான்? அந்த அளவுக்கு மனசு விட்டுப்போயிருக்கிறது அவனுக்கு.

போன வாரம் போய்ப் பார்த்தேன். தோப்புக்குள் ஓட்டுக் கட்டடம், விறகடுப்பு. சமையற்கூடத்தில் ஒரு மலை வெங்காயத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். கன்னத்தில் சதை போட்டிருந்தது. அங்கே பார்த்துக்கொள்கிற அம்மா சொல்கிறார்கள், உங்க தம்பி கேட்டுப் பக்கமே போறதில்லீங்க, அது திறந்தேதான் கிடக்குது என்று. எனக்கு உடனே சந்தேகம் வந்துவிட்டது. தினமும் ஓடுகிறவன் ஓடாமல் இருக்கிறான் என்றால் ஏதோ மருந்து கொடுத்து வைத்திருக்கிறார்கள். கேட்டேன். அந்த அம்மா முகம் சுருங்கிவிட்டது.

கனகு என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தான். கிட்டே வந்து என் சட்டைப்பையில் காதை வைத்தான். பையில் ஒன்றும் இல்லை. சிரித்தான். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்காரவைத்து, என் உள்ளங்கையில் ஒரு வெங்காயத்தை வைத்து, வா என்றான். வா, வா என்று தரையைத் தட்டித் தட்டிக் காட்டினான். நான் எப்படிடா இங்க வர்றது கனகு, நீதான் அங்க வரணும் என்றேன். அவன் உரிக்க ஆரம்பித்துவிட்டான். நானும் ஒன்றை உரித்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, எழுந்து வந்துவிட்டேன்.

அக்காவிடம் மன்றாடிக் கடைசியாக ஒரு சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஆடி முடியும்வரை வீட்டில் வைத்துப் பார். இன்னொரு தடவை அவன் ரோட்டில் கால் வைத்தான் என்றால் அப்புறம் அங்கேயேதான், வீட்டையும் கொடுத்துவிடலாம், நீ எங்க வேணும்னாலும் போய்க்கோ என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள். அதனால்தான் இந்தத் தடவை ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டுப் பட்டையை எடுத்துவிட்டேன். பேட்டரியைப் பெரிதாக்கிவிட்டேன், அணைக்கவே வேண்டாம். மூன்று சென்சாரையும் பொருத்தி, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு போர்டு. வாசலில்கூட வைக்கப் போவதில்லை. அவன் கட்டிலுக்கு அடியிலேயே வைத்துவிடப் போகிறேன், அசைந்தால் எனக்குத் தெரியும்.

இத்தனையும் செய்துவிட்டுத்தான் சொல்கிறேன், நடக்காது. நேற்று அவன் அறையைக் கூட்டிப் பெருக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். இந்த மனுஷனுக்கு நம்மோடு இருக்கப் பிடிக்கவில்லையோ என்று தோன்றியது. அப்படித் தோன்றினால் அதற்கு எந்த சென்சாரைப் போடுவது, சொல்லுங்கள். சரி, விடுங்கள்.

இவ்வளவு பொறுமையாகக் கேட்டீர்கள். ஒரு நிமிஷம், போட்டே காட்டிவிடுகிறேன். சக்கரம் ஓடாது, சென்சார் மட்டும். இதோ இந்தச் சுவிட்ச்தான். பார்த்தீர்களா, மூன்று சிவப்பு விளக்கு. கையை முன்னால் நீட்டுங்கள், அணைகிறதா? எடுங்கள், எரிகிறதா? ஒரு சத்தம் இல்லை பாருங்கள். அதுதான் இதன் அழகு, இருப்பதே தெரியாது.

அடடா, பாப்பா முழித்துவிட்டாளே. ஏன் அழுகிறாள்? இரண்டு காதையும் எப்படிப் பொத்திக்கொள்கிறாள் பாருங்கள். இதையா அணைக்கச் சொல்கிறீர்கள்? இது என்ன செய்தது, இது பாட்டுக்கு மடியில் இருக்கிறது. ஆடிக் காற்றுங்க. அந்தக் கண்ணாடியை இழுத்துச் சாத்துங்கள் முதலில். எங்கள் கனகுவும் அச்சாக இப்படித்தான், கொஞ்சம் காற்று பட்டால் ஆகாது.